யாருடைய எருமைகள்?

போன கோடை விடுமுறையில் தங்கை தன் மகனை ஒரு மாதத்துக்குத் தேவாரத்தில் எங்கள் வீட்டில் விட்டுச் சென்றாள். சென்னையில் நான்காம் வகுப்பு படிக்கிறான். வெயில் தாழும்வரை பையனை வெளியே விடக்கூடாது என்பது அவளுடைய உத்தரவு. ஆகவே மதிய நேரமெல்லாம் தொலைக்காட்சிதான். அப்படி ஒரு மதியம், 2016இல் வெளிவந்த 'தி ஜங்கிள் புக்' படத்தைத் தமிழ்க் குரலில் போட்டுவிட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்: நான், அவன், எங்கள் பெரியப்பா. பெரியப்பாவுக்கு எண்பதை நெருங்குகிறது. ஊருக்கு மேற்கே தெரியும் மலையில் மாட்டோடு மாடாக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். முழங்கால் விட்டுப்போனதும், பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டதும் சேர்ந்து, சில ஆண்டுகளுக்கு முன் மாடுகளை விற்றுவிட்டார். தொலைக்காட்சியை அவர் பார்ப்பது, அதன் முன்னால் சாய்ந்து தூங்குவதற்காக.

படத்தில் ஒரு கட்டம். உயரமான புல்லுக்குள்ளிருந்து ஷேர் கான் பாய்கிறது. பகீரா குறுக்கே விழுந்து தடுக்க, மோக்லி ஓடுகிறான். ஓடிச் சரிந்து விழும் இடத்தில் எருமைகள் மந்தையாகத் தெறித்து ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நடுவே புகுந்து, ஒன்றன்மேல் தொற்றிக்கொண்டு தப்புகிறான். குளம்படிச் சத்தத்தில் பெரியப்பா விழித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரு மாடுடா அது?"

"யாரோடதும் இல்ல தாத்தா. காட்டு எருமை."

"இம்புட்டு உருப்படி ஓடுது, பின்னால ஒருத்தனக் காணோம். கொம்பப் பாரு, காட்டுமாட்டுக் கொம்பா அது? வீட்டெருமைல்ல."

பையன் என்னைப் பார்த்தான். இது பொம்மைப் படம், கணினியில் செய்தது என்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பெரியப்பா அதற்குமேல் கேட்கவில்லை. எனக்கு ஓடவில்லை. ஏனென்றால் அவர் கேட்டது சரியான கேள்வி. கிப்ளிங்கின் கதையில் அந்த எருமைகளுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். மேய்ப்பவனும் இருந்தான். மேய்த்தவன் மோக்லிதான்.

இதை எழுத எனக்கு ஒரு பழைய கடனும் இருக்கிறது. என் வயதுக்காரர்களுக்கு மோக்லி அறிமுகமானது புத்தகத்தில் இல்லை, தூர்தர்ஷனில். ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989இல் தயாரித்த ஐம்பத்திரண்டு பகுதித் தொடர் அது. இந்தியில் குரல் மாற்றப்பட்டு, 1993இல் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒளிபரப்பானது. எங்கள் தெருவில் தொலைக்காட்சி இருந்த வீடுகள் இரண்டு. கொடைக்கானல் கோபுரத்தை நோக்கித் திருப்பிய ஆன்டெனாவைக் காற்று அசைக்கும்போதெல்லாம் ஓநாய்க் கூட்டம் புள்ளிகளாகக் கரைந்துபோகும். ஒருவன் மாடியேறிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவனுக்கு அந்த வாரக் கதை தெரியாது, கீழே வந்ததும் நாங்கள் சொல்வோம். சொல்கிற எங்களுக்கும் இந்தி தெரியாது. ஆகவே நாங்கள் சொன்னதுதான் கதை. குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த அந்த முகப்புப் பாட்டை, ஒரு சொல்லுக்கும் பொருள் அறியாமல் தேவாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் பாடினோம். இன்று நினைக்கையில், எங்கள் தலைமுறையில் மிகுந்த சுதந்திரத்தோடு கதை கேட்டவர்கள் நாங்கள்தான் என்று தோன்றுகிறது. கேட்ட கதையில் பாதி நாங்களே கட்டியது. என் கதையில் அகேலா எங்கள் பெரியப்பாவைப் போலக் கனைத்துக்கொண்டுதான் பேசும்.

ஆக, 2016இல் ஜான் ஃபாவ்ரோ இயக்கத்தில் டிஸ்னி நிறுவனம் மோக்லியை மீண்டும் எடுத்தபோது, அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்பாகவே ஏப்ரல் 8 அன்று இந்தியாவில் அது திரைக்கு வந்தபோது, நாற்பதை எட்டிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு திரையரங்குக்குப் போனது. நானும் போனேன். நினைவின் விலை டிஸ்னிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இந்தி வடிவத்தின் விளம்பரத்துக்காக அதே பாட்டைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். தொடரில் ஷேர் கானுக்குக் குரல் கொடுத்த நானா படேகரையே மறுபடி அழைத்தார்கள். அதுவரை இந்தியாவில் வெளியான ஹாலிவுட் படங்களில் மிக அதிகம் வசூலித்த படமாக அது ஆனதில் வியப்பில்லை. தமிழில் பார்த்த எங்களுக்கு அந்தப் பாட்டு கிடைக்கவில்லை. பொருள் புரியாத பாட்டுக்காக ஏங்குவது கேலிக்குரியதுதான், ஆனாலும் ஏங்கினேன்.

படம் மோசமானதல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வறட்சியில் ஆறு வற்றி, நடுவிலுள்ள பாறை தலைகாட்டியதும், வேட்டையாடுவதும் வேட்டையாடப்படுவதும் ஒரே கரையில் வந்து நீர் குடிக்கும் அந்தத் தண்ணீர் உடன்படிக்கைக் காட்சியை நான் எத்தனை முறையும் பார்ப்பேன். கிப்ளிங்கின் இரண்டாம் புத்தகத்திலிருந்து எடுத்த பகுதி அது. கோடையில் மலையடிவாரத் தொட்டிகளுக்கு எது எது, எந்த வேளையில் வருகிறது என்று தெரிந்த எவரும் அந்தக் காட்சியில் அமைதியாகிவிடுவார்கள். யானைகள் வரும்போது பகீரா தலைதாழ்த்துவதும் அப்படித்தான். மோக்லியாக நடித்த நீல் சேத்தியைத் தவிர அனேகமாக எல்லாமே கணினி வரைகலை. ஆகவே நடிகர்கள் நடித்த படம் என்று விளம்பரப்படுத்தினாலும், என் கணக்கில் இது அனிமேஷன் படம்தான். படப்பிடிப்பு முழுவதும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குள் ஓர் அரங்கில் நடந்தது என்பதைப் படத்தின் கடைசியில் கொஞ்சம் பெருமையாகவே போட்டிருப்பார்கள். வரைகலை வேலையின் பெரும்பகுதியைச் செய்த எம்.பி.சி. நிறுவனத்தின் பெங்களூர்க் கிளையில் நம் பிள்ளைகள் உட்கார்ந்து இலை இலையாகக் காட்டை உண்டாக்கினார்கள். அதற்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. (அந்த நிறுவனத்தின் தாய்க்கழகம் 2025 தொடக்கத்தில் நொடித்துப்போய், பெங்களூர்க் கிளையில் இருந்தவர்களும் வேலை இழந்தார்கள். அது வேறு கதை, யாராவது எழுத வேண்டும்.)

காட்டை இவ்வளவு நுணுக்கமாகச் செய்தவர்கள் காட்டில் எதை விட்டுவிட்டார்கள் என்பதே என் கேள்வி.

கிப்ளிங் 1894இல் வெளியிட்ட முதல் புத்தகத்தில் 'புலி! புலி!' என்றொரு கதை. ஓநாய்க் கூட்டத்திலிருந்து வெளியேறும் மோக்லி ஊருக்குள் வருகிறான். பிள்ளையைப் புலிக்குப் பறிகொடுத்த மெசுவா என்ற பெண் அவனைத் தன் மகனாக ஏற்றுக்கொள்கிறாள். ஊர் அவனுக்குக் கொடுக்கும் வேலை, எருமை மேய்ப்பது. ராமா என்ற பெரிய கடா எருமையின் முதுகில் உட்கார்ந்து அவன் மந்தையை ஓட்டிப் போகிறான். ஷேர் கான் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓர் ஓடைப்பள்ளத்தில் படுத்திருப்பது தெரிந்ததும், அகேலாவின் துணையோடு மந்தையை இரண்டாகப் பிரித்து, பள்ளத்தின் இரு முனைகளிலிருந்தும் விரட்டுகிறான். புலி மிதிபட்டுச் சாகிறது. காட்டின் அறிவும் மேய்ப்பனின் அறிவும் ஒரே பையனிடம் சேர்ந்ததால் கிடைத்த வெற்றி அது. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் புலி செத்திருக்காது.

1967இல் டிஸ்னி முதலில் இதைச் சித்திரப் படமாக எடுத்தபோதே மந்தை போய்விட்டது. வால்ட் டிஸ்னி தன் கதைக் குழுவினரிடம் மூலப் புத்தகத்தைப் படிக்கவே வேண்டாம் என்று சொன்னதாக அவர்களே பின்னாளில் கூறியிருக்கிறார்கள். அதில் புலியின் வாலில் எரியும் கொம்பைக் கட்டி விரட்டுவதோடு முடிகிறது. ஊர் கடைசிக் காட்சியில் மட்டும் வருகிறது, குடத்தோடு நீர் எடுக்க வந்த ஒரு சிறுமியாக. அவள் பின்னே மோக்லி போய்விடுகிறான்.

2016இன் மறு ஆக்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஊர் இரவில் தொலைவிலிருந்து தெரியும் சில தீவெளிச்சங்கள். மனிதர்கள் நிழலுருக்கள். மோக்லியின் தந்தை, மலைப்பாம்பு சொல்லும் பழைய நினைவில் வந்து செத்துப்போகிறார். மோக்லி ஊரெல்லையில் பதுங்கித் தீப்பந்தத்தைத் திருடுகிறான், ஓடி வருகிறான், பொறி விழுந்து காடு பற்றிக்கொள்கிறது. முடிவில் அவன் ஊருக்குப் போவதில்லை. காட்டிலேயே மரக்கிளையில் படுத்துக்கொள்கிறான். அந்த எருமை மந்தை மட்டும், சொந்தக்காரர் இல்லாமல், எதற்காக ஓடுகிறோம் என்று தெரியாமல், இரண்டு நிமிடம் ஓடிவிட்டு மறைகிறது. மூலக்கதையின் உச்சத்தை நினைவில் வைத்திருந்த யாரோ ஒருவர் மரியாதைக்காக அதைச் சேர்த்திருக்க வேண்டும். மந்தை வந்துவிட்டது, மேய்ப்பன் வரவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். காட்டு நீரெருமை என்றொரு விலங்கு உண்மையிலேயே இருக்கிறது. அசாமிலும் சத்தீஸ்கரிலும் இன்னும் மிஞ்சியிருக்கிறது. கதை நடக்கும் சியோனி மத்திய இந்தியாவில் இருப்பதால், படம் எடுத்தவர்கள் அதை நினைத்திருக்கலாம். பெரியப்பாவுக்குத் தெரிந்த காட்டுமாடு, சங்கப் பாட்டுகள் 'ஆமா' என்று சொல்லும் நம் மலையின் விலங்கு. அதன் கொம்பு வேறு. விலங்கியல் கணக்கில் அவர் தோற்கலாம். கதைக் கணக்கில் அவர்தான் ஜெயித்தார்.

இன்னொரு நியாயமும் உண்டு. கிப்ளிங் ஊராரின் நண்பர் அல்லர். அவருடைய கதையில் ஊர் மக்கள் மூடர்கள். புலியைக் கொன்று காப்பாற்றியவனையே சூனியக்காரன் என்று கல்லெறிந்து துரத்துகிறார்கள். வேட்டைக்காரன் புல்டியோவின் கண் புலித்தோலுக்குக் கிடைக்கும் நூறு ரூபாய் சன்மானத்தில் இருக்கிறது. மெசுவாவும் கணவனும் உயிர்தப்பி ஓடுவது வெள்ளைக்காரனின் நீதியைத் தேடி. அடுத்த கதையில் மோக்லி, ஹாத்தி என்ற யானையையும் அதன் மூன்று பிள்ளைகளையும் ஏவி அந்த ஊரையே மண்ணோடு மண்ணாக்குகிறான். பம்பாயில் பிறந்து, அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பனிக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒருநாளும் மிதிக்காத சியோனியைப் பற்றி எழுதிய ஓர் ஆங்கிலேயரின் கற்பனை இப்படி இருந்ததில் ஆச்சரியமில்லை. இருபத்தொன்றாம் நூற்றாண்டில் இதை அப்படியே எடுத்தால் வெட்கக்கேடு என்று ஹாலிவுட்டுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம்தான் எனக்கு உறுத்துகிறது. ஊராரைப் பற்றிய பொய்யைத் திருத்துவதற்குப் பதிலாக ஊராரையே எடுத்துவிட்டார்கள். கெட்டவனாகவேனும் கதைக்குள் இருந்தவன், இப்போது இல்லவே இல்லாதவன் ஆகிவிட்டான்.

2018இல் ஆண்டி செர்கிஸ் தனியாக ஒரு மோக்லி எடுத்தார், நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. அதில் ஊர் இருக்கிறது, மெசுவா இருக்கிறாள். ஆனால் ஊரோடு சேர்த்து ஒரு வெள்ளைக்கார வேட்டைக்காரனையும் கொண்டுவந்து, கதையின் பளுவை அவன் தலையில் வைத்துவிட்டார்கள். இருண்ட, கடினமான படம். பிள்ளைகளுக்கானது இல்லை என்று என் தங்கை அணைத்துவிட்டாள். அவள் செய்தது சரி.

இந்தக் கதைகள் எல்லாவற்றுக்கும் முன்பே கிப்ளிங் எழுதிய ஒன்று இருக்கிறது. 1893இல் வந்த 'இன் த ரூக்'. மோக்லி வளர்ந்த இளைஞனாக அதில்தான் முதலில் வருகிறான். அவனுடைய காட்டறிவைக் கண்டு வியந்த முல்லர் என்ற ஜெர்மானிய அதிகாரி, இந்திய வனத்துறைக்கே தலைவர், அவனுக்கு வனக்காவலர் வேலை கொடுக்கிறார். ஓய்வூதியம் உண்டு என்கிறார். வேலையின் ஒரு பகுதி, அனுமதியில்லாமல் காட்டுக்குள் வரும் ஊர் ஆடுகளை விரட்டுவது. எருமை மேய்த்தவனே ஆடு விரட்டுபவன் ஆகிறான். எந்தச் சித்திரப் படமும் இந்தக் கதையைத் தொட்டதில்லை. அதில் ஆடுகிற கரடி இல்லை, பாட்டுக்கு இடமில்லை. ஆனால் தேவாரத்தில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு, எல்லாவற்றிலும் நெருக்கமான மோக்லி கதை இதுதான். சென்னை மாகாண வனச்சட்டம் வந்தது 1882இல், கிப்ளிங் இதை எழுதுவதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன். பெயரைத் திருத்திக்கொண்டு அதே சட்டம்தான் இன்றும் நம்மை ஆள்கிறது.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேவாரத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலை சுவர்போல நிற்கும். அதன் உச்சிக்கு அப்பால் கேரளத்து ஏலத்தோட்டங்கள். விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் பெண்கள் காய் எடுக்கப் போய், இருட்டிய பிறகு திரும்புவார்கள். என் அம்மாவும் அப்படிப் போனவள்தான். அந்தக் காலத்தில் சாக்கலூத்து மெட்டு வழியாக நடந்தே ஏறியவர்களும் உண்டு. மலையடிவாரத்தில் மானாவாரி நிலங்கள், தென்னை, மாந்தோப்பு. இரவில் பரண்மேல் டார்ச் விளக்கும் வெடியுமாகக் காவல். 'இதணம்' என்று குறிஞ்சிப் பாடல்கள் சொல்வது இந்தப் பரணைத்தான். வகுப்பில் அந்தச் சொல்லுக்கு நான் அகராதி புரட்டிப் பொருள் சொல்லும்போது, கடைசி வரிசையில் இருக்கும் பையன் முந்தைய இரவு முழுக்க அதன்மேல்தான் இருந்திருப்பான். பல நாள் அவன் தூங்குவதை நான் கண்டுகொள்வதில்லை.

இங்கே யானை என்றால் யாரும் தலைதாழ்த்துவதில்லை, ஓடுகிறார்கள். தந்தமில்லாத ஆண் யானை ஒன்று, மக்னா, இந்த அடிவாரத்தில் தோட்டக்காரர்களைக் கொன்று பல ஆண்டுகள் கிலியூட்டியது. 2018இல் அதற்காகக் கும்கிகள் வரவழைக்கப்பட்டன. 2023 மே மாதம் அரிக்கொம்பன் கம்பம் நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விடப்பட்ட யானை. தன் காட்டைத் தேடி அலைந்து எங்கள் பள்ளத்தாக்கில் இறங்கி, ஜூன் மாதம் மறுபடி பிடிபட்டுக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோகப்பட்டது. அந்த ஒரு வாரம் என் மாணவர்கள் யானையைத் திட்டவும் செய்தார்கள், அதற்காக அழவும் செய்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தவர்களை நான் பார்த்தேன். எந்தக் கார்ட்டூனும் கொடுக்காத உணர்ச்சி அது.

தீயும் அப்படித்தான். கிப்ளிங்கின் விலங்குகள் தீயை 'சிவப்புப் பூ' என்கின்றன, படமும் அந்தப் பெயரை அழகாகப் பயன்படுத்துகிறது. பங்குனி, சித்திரை இரவுகளில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலையில் அந்தப் பூ கோடுகோடாகப் பூத்திருக்கும். 'மலை எரியுது' என்பதற்குமேல் யாரும் எதுவும் சொல்வதில்லை. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணியில் மலையேறப் போனவர்கள் அதற்குள் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். படத்தில் யானைகள் மரங்களைச் சாய்த்து ஆற்றைத் திருப்பிவிட்டுத் தீயை அணைக்கின்றன. என் மருமகன் கைதட்டினான். நானும் தட்டியிருப்பேன், பக்கத்தில் பெரியப்பா இல்லாவிட்டால்.

மேய்ப்பவர்களைப் புனிதர்களாக்க நான் வரவில்லை. புதுப் புல் முளைக்கட்டும் என்று காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தவர்கள் அவர்களிலும் இருந்தார்கள், பெரியப்பாவே ஒப்புக்கொள்வார். காடு தாங்குவதற்கு மேல் மாடுகளை ஏற்றியவர்கள் இருந்தார்கள், வெளியூர்ப் பணக்காரர்களின் மாட்டைக் கூலிக்கு மேய்த்தவர்களும் இருந்தார்கள். திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டபோது, வைகையின் ஊற்றுக்கண் பிழைக்கும் என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். மறுபக்கமும் இருக்கிறது. 2022 மார்ச்சில் மாநிலத்தின் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைச் சென்னை உயர் நீதிமன்றம் தடைசெய்தது. அந்த மாதமே ஆணையைத் திருத்தி, தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்று வரையறுத்தது. மேய்ச்சல் சமூகங்களின் உரிமையையும் அங்கீகரிக்கும் வன உரிமைச் சட்டம் 2006இலிருந்தே இருக்கிறது. இந்த வழக்கில் இரு தரப்புக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. அங்கே சிலை கிடையாது, பட்டத்துக் காளையைத்தான் கும்பிடுகிறார்கள். மாடு தெய்வமாக நிற்கும் ஊரில், மலைமாடு காட்டுக்குள் போகலாமா கூடாதா என்பது கணக்குப் புத்தகத்தில் தீரும் விஷயமில்லை.

எனக்குக் கவலை, இந்த வழக்கின் ஒரு தரப்பு பிள்ளைகளின் மனத்திலிருந்து ஏற்கெனவே அழிந்துவிட்டது என்பதுதான். போன ஆண்டு இளங்கலை முதலாண்டு வகுப்பில் முல்லைத் திணை நடத்தத் தொடங்கும்போது, வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டேன். காடு என்றால் யார் யார் இருப்பார்கள்? புலி, யானை, மான், கரடி, பாம்பு. ஒருவன் சிங்கம் என்றான், சிரித்தார்கள். ஒரு பெண் மரம் என்றாள், அவளைப் பாராட்டினேன். ஆயர் என்று ஒருவரும் சொல்லவில்லை. மாடு என்றுகூட வரவில்லை. அந்த வகுப்பில் பாதிப்பேர் மாட்டுத் தொழுவிலிருந்தோ ஏலத்தோட்டத்து ஜீப்பிலிருந்தோ வந்தவர்கள். காடு என்றதும் அவர்கள் கண்முன் வந்த படத்தில் அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் இல்லை.

தொல்காப்பியம் காட்டை மாயோனுக்கு உரிய, மக்கள் உறையும் உலகமாகச் சொல்கிறது. முல்லைக்கலியில் ஏறு தழுவும் ஆயர்கள் காட்டுக்கு விருந்தாளிகள் அல்லர். வேங்கைப் பூப் பறிக்கும் குறிஞ்சிப் பெண்கள் 'புலி, புலி' என்று ஆரவாரம் செய்வதாகச் சங்கப் பாடல்களில் ஒரு மரபு உண்டு. அதைக் கேட்டு வில்லோடு ஓடிவரும் ஆண்களும் உண்டு. கிப்ளிங்கின் தலைப்பை நான் முதலில் படித்தபோது அந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். எங்கள் வழக்கில் இன்றும் 'காட்டுக்குப் போறேன்' என்றால் தன் புன்செய் நிலத்துக்குப் போகிறேன் என்று பொருள். அடர்ந்த வனத்துக்கு 'மலை' என்றுதான் சொல்வோம். 'ஜங்கிள்' என்ற ஆங்கிலச் சொல் இந்தி வழியாக எந்த வடசொல்லிலிருந்து போனதோ, அந்த 'ஜாங்கலம்' வறண்ட வெட்டவெளியைக் குறித்தது என்பது வேடிக்கை. சொல் கடல் கடந்து போய், பச்சையாக, அடர்த்தியாக, மனிதரில்லாததாக மாறித் திரும்பி வந்து நம் பிள்ளைகளின் 'காடு' என்ற சொல்லுக்குள் உட்கார்ந்துவிட்டது. தமிழ்க் குரலில் படம் பார்க்கும் பையன் 'காடு' என்று கேட்கிறான், 'ஜங்கிள்' என்று புரிந்துகொள்கிறான்.

குழந்தைகள் படத்தை வைத்துக்கொண்டு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நண்பர்கள் கேட்பார்கள். ஒரு நண்பர் நேரிலேயே கேட்டார், "எருமையை வைத்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாயா?" என்று. குழந்தைகள் படம் என்பதால்தான் இவ்வளவும். பெரியவர்களின் படத்தை நாம் சந்தேகத்தோடு பார்க்கிறோம், வாசலிலேயே அரைவாசியை நம்பாமல் விட்டுவிடுகிறோம். பத்து வயதில் பார்த்த காடு அப்படியே தங்கிவிடும். எனக்குத் தங்கியிருக்கிறது, அதுவும் இந்தியில்.

ஹாலிவுட்டைக் குறைசொல்வது எளிது. அவர்களுக்கு எங்கள் மலைமாட்டின் மேல் என்ன கடன்? நம்மிடம் கணினி இல்லையா, கலைஞர்கள் இல்லையா? சென்னையின் பென்டாமீடியா 2000ஆம் ஆண்டிலேயே பாண்டவர்களைக் கணினிச் சித்திரமாக எடுத்தது. அதன்பின் புராணங்களைத் திரும்பத் திரும்ப எடுக்கிறோம், உச்ச நட்சத்திரத்தைக் கணினியில் வார்க்கிறோம். மாடு மேய்க்கும் ஒரு பையனோ, கிளி ஓட்டும் ஒரு பெண்ணோ நாயகராக வரும் ஒரு சித்திரப் படம் தமிழில் வந்து நான் பார்த்ததில்லை. கண்ணனே மாடு மேய்த்தவன்தான், ஆனால் நம் கார்ட்டூன் கண்ணன்களின் கையில் மாடு வெறும் பின்னணி. அசுரனைக் கொல்லும் நேரம் போக மீதி நேரத்தில் அவர் எங்கே புல் தேடினார், மழையில் மந்தையை எப்படி ஒதுக்கினார் என்று யாரும் வரைவதில்லை. எந்த மாடு முன்னே போகும், எது பின்தங்கும், புலி வாடை அடித்தால் மந்தை எப்படி வட்டம் கட்டும், கன்றுகள் எங்கே நிற்கும் என்பதையெல்லாம் பெரியப்பா சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஒரு கதைக்குழுவுக்குப் பத்து ஆண்டுகளுக்குப் போதுமான சரக்கு அது. கேட்பதற்கு ஆள் இல்லை. நானும் பாதியைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

படம் முடிந்தது. பையன் தண்ணீர் குடிக்கப் போனான். பெரியப்பா தொலைக்காட்சிப் பக்கம் கையை நீட்டி, அந்த மாடு ஓடுகிற இடத்தை மறுபடி போடச் சொன்னார். தேடிப்பிடித்துப் போட்டேன். இரண்டாவது முறையும் போடச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை மடக்கி மடக்கி ஏதோ முணுமுணுத்தார். மருமகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்ன தாத்தா பண்றீங்க?"

"உருப்படி எண்ணுறேன்டா. நிக்க மாட்டேங்குது சனியன். கொஞ்சம் நிறுத்தி வை."

பையன் ரிமோட்டை வாங்கி நிறுத்தினான்.